மலை ஏறிய கடிகாரம்

என் கணவர் தேவானந்தத்தின் கணக்குப்படி இந்தப் பிரபஞ்சத்துக்கு வயது ஆறாயிரத்துச் சொச்சம். என் கணக்குப்படி ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி. இந்த வித்தியாசத்தை நடுவில் வைத்துக்கொண்டு முப்பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் செய்தோம். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எங்கள் சண்டையெல்லாம் வெளிச்சத்தின் வேகத்தைப் பற்றித்தான்.

அவருக்கு ரயில்வேயில் டெலிகாம் இன்ஸ்பெக்டர் வேலை. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஸ்டேஷன் கடிகாரங்கள் அவர் பொறுப்பு. வண்டலூரில் ஒன்பது பத்து என்றால் கூடுவாஞ்சேரியிலும் ஒன்பது பத்தாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டீச்சர். வேகமாகப் போகிறவனுக்குக் காலம் மெதுவாகப் போகும், மலை மேல் இருப்பவனுக்குக் காலம் ஒரு துளி வேகமாகப் போகும் என்று நான் பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு வருவேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "கடிகாரம் மாறும் சௌந்தரி, காலம் மாறாது. காலம் ஒண்ணுதான், அது ஆண்டவர் கையில இருக்கு" என்பார். ஸ்டேஷன் கடிகாரம் ஓடினாலும் நின்றாலும் ரயில் வரும் நேரம் ஒன்றுதானே என்பது அவர் கட்சி.

போன வருஷம் ஆகஸ்டில் அவர் போய்விட்டார். இந்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை மகன் ஜெஃப்ரி ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். அப்பா எழுதி வைத்திருந்த கையெழுத்துப் பிரதியை அலமாரி மேல் கண்டுபிடித்து, எனக்குச் சொல்லாமலே அயூப் பாய் அச்சகத்தில் கொடுத்து, அச்சுக்குத் தயார் செய்துவிட்டான். பெயர் 'ஒரே கடிகாரம்'. தொண்ணூற்றாறு பக்கம். முதலாம் ஆண்டு நினைவு ஆராதனையில் வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று கொடுக்க வேண்டும், ஆயரிடமும் பேசிவிட்டேன் என்றான். சயின்ஸ் விஷயமாக இருப்பதால் நான் ஒருமுறை பார்த்துத் திருத்த வேண்டுமாம். அதோடு ஒரு பக்கம் முன்னுரையும் வேண்டுமாம். பத்து நாள் டைம்.

நான் கட்டைத் தொடவில்லை. "பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். அவன் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

நேராக அந்த அட்டவணையைத்தான் தேடினேன். நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. கொடைக்கானல், மே 1996, பதினான்கு நாள், ஒவ்வொரு நாளும் கடிகாரம் எத்தனை விநாடி தாமதம் என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: "இந்த எண்கள் ஒவ்வொன்றையும் தன் கையால் குறித்தவர் என் மனைவி, இயற்பியல் ஆசிரியை திருமதி ஞானசௌந்தரி. அவர் என் கருத்தை ஏற்பவர் அல்லர். ஆகவே வாசகர் இந்த எண்களைத் தயங்காமல் நம்பலாம்."

அந்தப் பதினான்கு எண்ணில் ஏழு பொய். நான் இட்டுக்கட்டி எழுதியவை. இருபத்தொன்பது வருஷமாக இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவர் ஒரு பழைய ஊசல் கடிகாரம் வாங்கினார். ஆளுயரத்தில் பாதி, தேக்குப் பெட்டி, கண்ணாடிக் கதவு, உள்ளே பித்தளைக் குண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். வாரத்துக்கு ஒருமுறை சாவி கொடுக்க வேண்டும். விநாடி முள்ளும் இருந்ததுதான் அவரை மயக்கியது. ஆறு மாதம் அதோடு மல்லாடி, ஒரு நாளைக்கு இரண்டு விநாடிக்கு மேல் தப்பாதபடி பழக்கி வைத்தார். பிறகு ஒரு நாள் சொன்னார், அதைக் கொடைக்கானலுக்குத் தூக்கிக்கொண்டு போகப் போகிறோம் என்று.

உயரம் போனால் பூமியின் ஈர்ப்பு குறையும், ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும், கடிகாரம் பின்தங்கும். இதில் எங்களுக்குள் சண்டை இல்லை, எந்தப் பாடப்புத்தகத்திலும் இருப்பதுதான். ஆனால் அவர் அதிலிருந்து போகிற வழி வேறு. கொடைக்கானலில் கடிகாரம் பின்தங்கியதால் அந்த ஊர் ஜனங்களுக்கு ஆயுள் கூடிவிட்டதா? இல்லை. ஈர்ப்பு கடிகாரத்தைத்தான் பிடித்து இழுத்தது, காலத்தை அல்ல. அதே போல் விண்ணில் சுற்றும் செயற்கைக்கோளின் கடிகாரம் மாறினாலும் மாறியது கருவிதான், காலமில்லை. அதைக் காலமே மாறியது என்று சொல்கிறவர்கள் ஸ்டேஷன் கடிகாரம் நின்றதும் ரயில் நின்றுவிட்டது என்று சொல்கிறவர்கள். இதுதான் அவர் புத்தகத்தின் முதுகெலும்பு. ஊசல் கடிகாரமும் செயற்கைக்கோளில் இருக்கும் அணுக் கடிகாரமும் ஒன்றில்லை என்று நான் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். எங்கே கேட்டார்?

பாண்டியன் எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும் கொஞ்ச நேரத்தில் நாங்கள் ஏறிய அழகை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. எட்டு வயது ஜெஃப்ரி கையில் தண்ணீர்க் கூஜா, என் கையில் இரண்டு பெட்டி, அவர் மட்டும் மெத்தை விரிப்பில் சுற்றிய கடிகாரத்தைக் கைக்குழந்தை போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். எங்களுக்கு மூன்று படுக்கை. அதில் கீழ்ப் படுக்கை கடிகாரத்துக்கு. அவர் அதன் கால்மாட்டில் உட்கார்ந்தே வந்தார். கொடை ரோட்டில் இறங்கி மலை பஸ் ஏறியபோது கண்டக்டர், உள்ளே என்ன சார், யாராவது தவறிட்டாங்களா என்று மெதுவாகக் கேட்டார்.

எங்கள் சபைக்குத் தெரிந்தவர்களின் வீடு ஒன்று அங்கே காலியாக இருந்தது. மே மாதக் கூட்டங்களுக்காகப் பதினான்கு நாள் தங்கல். அவர் விடியற்காலை ஜெபத்துக்குப் போய்விடுவார். ஆகவே அளவெடுக்கும் வேலை என்னுடையது. காலை எட்டு மணிச் செய்திக்கு முன்னால் ரேடியோவில் கீங் கீங் என்று வருமே, அந்தக் கடைசி ஒலியில் விநாடி முள் எங்கே இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான்.

கிளம்பும் முன்பே நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கொடைக்கானலின் உயரத்துக்கு நாளொன்றுக்கு இருபத்தெட்டு விநாடி பின்தங்க வேண்டும். ஆனால் வந்தது பதினெட்டு, பத்தொன்பது, பதினேழு. ஏழு நாளும் அப்படியே. சந்தைக் கடிகாரத்தின் லட்சணம் இதுதான் என்று எனக்கு உள்ளூர ஒரு குஷி.

ஏழாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் எங்களுக்குள் வார்த்தை தடித்தது. உனக்கு இதெல்லாம் விளையாட்டாக இருக்கிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பரிசோதனைக்குக் கொடுக்கிற மரியாதையில் கால்வாசி எனக்குக் கொடுத்திருக்கிறாயா என்று கேட்டார். நான் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு படுத்துவிட்டேன். அன்றைக்குத்தான் சாவி கொடுக்க வேண்டிய நாள். காலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் ஜெஃப்ரியை ஏரியில் படகுக்குக் கூட்டிப் போன உற்சாகத்தில் சுத்தமாக மறந்துபோனேன்.

எட்டாம் நாள் காலை பார்த்தால் கடிகாரம் ஐந்து இருபதில் நின்றிருக்கிறது. அவர் ஜெபத்திலிருந்து வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. முந்தின ராத்திரி அந்தப் பேச்சுக் கேட்டிராவிட்டால் சொல்லியிருப்பேன். என் வீம்பு விடவில்லை. சாவி கொடுத்தேன், என் கைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் தள்ளினேன், குண்டைத் தொட்டு ஆட்டிவிட்டேன். அந்த அவசரத்தில் குண்டுக்குக் கீழே இருக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு என் விரல் பட்டுத் திரும்பிவிட்டது போலும். மறுநாள் காலை கடிகாரம் பின்தங்குவதற்குப் பதில் ஒரு நிமிஷத்துக்கு மேல் முந்தி ஓடியிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் என் மாணவர்கள் 'ரீடிங் சமைப்பது' என்பார்கள். லேபில் ஊசல் ஒழுங்காக ஆடாவிட்டால் விடையிலிருந்து பின்னோக்கி வந்து அளவுகளை எழுதிவிடுவார்கள். நான் அவர்களுடைய ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, மிகச் சரியாக வரும் ரீடிங் பொய் ரீடிங் என்று எழுதி அனுப்புவேன். அப்பேர்ப்பட்ட நான் ஏழு நாள் காலையிலும் ரேடியோ ஒலித்ததும் முள்ளை என் விரலால் நகர்த்தி வைத்துவிட்டு, பாடப்புத்தகம் சொன்னபடி இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இருபத்தெட்டு என்று எழுதினேன். அவர் பார்த்துவிட்டு, திடீரென்று ஏன் பத்து கூடியது என்று கேட்டார். புது இடம் பழகக் கடிகாரத்துக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும் என்றேன். டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் முதல் ஏழு நாளைக் கழித்துவிட்டு, கடைசி ஏழு நாளின் சராசரியை எடுத்துக்கொண்டார். உண்மையான ஏழும் போயிற்று, என் பொய் ஏழும் நின்றது.

அதற்குப் பின் அந்தக் கடிகாரத்தை நான் தொட்டதே இல்லை. ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக் கூடத்தில் மாட்டினார். சனிக்கிழமை சாவி கொடுப்பது, துடைப்பது எல்லாம் அவர்தான். தூசி தட்டும்போதுகூட நான் அதைச் சுற்றிக்கொண்டு போவேன். எனக்கு மர வாசனை ஆகாது என்று அவரிடம் ஒரு சாக்கு சொல்லி வைத்திருந்தேன்.

இப்போது அந்தப் பொய் என் பெயரோடு அச்சில் வரப்போகிறது. சபையில் கல்லூரிப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். என்னிடம் படித்து இன்றைக்கு விஞ்ஞானியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். எவராவது ஒருவர் அந்த அட்டவணையைப் பார்த்து, பதினெட்டிலிருந்து இருபத்தெட்டுக்குத் தாவும் இடத்தில் விரல் வைத்தால் சிரிப்பார். சிரிப்பு யார் மேல் விழும்? செத்துப்போன என் புருஷன் மேல். உண்மையைச் சொன்னாலோ, முப்பத்தைந்து வருஷம் ரீடிங் சமைக்காதே என்று கத்திய டீச்சர் சமைத்தவள் என்றாகும். ஜெஃப்ரி முகத்தை எப்படிப் பார்ப்பேன்? மூன்று நாள் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

அந்த மூன்று நாளும் மொட்டைமாடி நினைப்புதான். நாங்கள் வீடு கட்டிய புதிதில் ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்களைச் சுற்றி மொத்தமே எட்டு வீடு. சாயங்காலம் ஏழு மணிக்குக் கரண்ட் போனால் நாங்கள் பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவோம். கரண்ட் போனால் நட்சத்திரம் வரும். சேலையூர் பக்கமிருந்து ஏரிக்காற்று வீசும், விமானப்படைத் தளத்திலிருந்து ஏதாவது ஒரு விமானம் சிவப்பு விளக்கோடு இறங்கும். ஜெஃப்ரி வேர்க்கடலை உரித்துக்கொண்டே எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருப்பான். இன்றைக்கு அதே மாடியில் நின்றால் நாலு பக்கமும் அபார்ட்மென்ட், அடுத்தவர் வீட்டு டிவிதான் தெரியும்.

அவர் கட்சி இதுதான். முதல் நாள் வெளிச்சம் படைக்கப்பட்டது, நான்காம் நாள்தான் சூரியனும் நட்சத்திரமும். அப்படியானால் வெளிச்சத்துக்கு நட்சத்திரம் தேவையில்லை. ஆண்டவர் நட்சத்திரத்தை வைத்தபோதே அதன் வெளிச்சத்தையும் பூமி வரைக்கும் வழியெல்லாம் விரித்து வைத்தார். லட்சம் வருஷம் நடந்து வர வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. நான் விடமாட்டேன். எண்பத்தேழில் ஒரு நட்சத்திரம் வெடித்ததை எல்லாரும் பார்த்தார்களே, அது ஒன்றரை லட்சம் ஒளியாண்டுக்கு மேல் தொலைவில் இருக்கிறதே, உங்கள் கணக்குப்படி அந்த வெடிப்பு நடக்கவே இல்லையே, நடக்காததை வழியிலேயே வெளிச்சமாக வரைந்து வைத்து நமக்குக் காட்டினாரா என்று மடக்குவேன். அவர் அதற்கும் ஒரு பதில் தேடி நோட்டில் எழுதிக்கொள்வார். மறு கரண்ட் கட்டுக்குப் பதிலோடு வருவார். ஒருவரை ஒருவர் மடக்குவதற்காகவே கரண்ட் போகாதா என்று காத்திருந்த நாட்கள் அவை. அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை.

கடைசிச் சண்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாயிரத்து ஒன்பது ஜூன். அவர் ரிட்டயர் ஆகி ஒரு வருஷம். அன்றைக்கும் அதே நட்சத்திரம், அதே வெடிப்பு. நான் ஜெயிக்கிற உற்சாகத்தில் கேட்டேன்: "அப்போ உங்க ஆண்டவர் பொய் ரீடிங் போட்டாரா?"

வழக்கமாகக் கையை ஆட்டிக்கொண்டு பதில் சொல்லுவார். அன்றைக்குக் கையை ஊன்றி எழுந்தார். பிறகு, "கரண்ட் வந்துடுச்சு சௌந்தரி, வா, கீழ போகலாம்" என்று பாயைச் சுருட்டினார். அதன் பிறகு அவர் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அச்சுக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த நோட்டுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கட்டி அலமாரி மேல் வைத்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஸ்டாஃப் ரூமில் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்துத்தான், அவர் மனசை உடைத்துவிட்டேனோ என்று உறுத்த ஆரம்பித்தது. எழுதுங்களேன் என்று நானே இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

நான்காம் நாள் ஆட்டோ பிடித்து மேற்குத் தாம்பரம் போனேன். அயூப் பாய் அச்சகம் இப்போது கம்ப்யூட்டரும் ஏசியுமாக இருக்கிறது. ஒரு காலத்தில் அவரும் என் கணவரும் ஒரே மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் வரைக்கும் வாராவாரம் போய் வந்த சிநேகிதர்கள். அயூப் பாய் எனக்கு டீ வரவழைத்தார். நாற்பத்தோராம் பக்கத்தை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். காரணம் சொல்லவில்லை.

அவர் அந்தப் பக்கத்தைத் திரையில் கொண்டுவந்தார்.

"இந்தப் பக்கத்தால தான் டீச்சர் அப்பவே நின்னுச்சு. ரெண்டாயிரத்து ஒம்பதுல சார் என்கிட்டதான் குடுத்தாரு. நான்தான் டைப் பண்ணிகினு இருந்தப்ப கேட்டேன், இன்னா சார், ஏழு நாளு பதினெட்டு, அப்பறம் ஏழு நாளு இருபத்தெட்டு, எழுதறப்ப எதுனா தப்பாயிடுச்சான்னு. ஒரு மாசம் நிறுத்தி வைங்க பாய், நான் இன்னொரு தபா மலைக்குப் போய்ட்டு வந்துடறேன்னாரு."

மலைக்கு எப்போது போனார் என்று கேட்டேன்.

"மே மாசம். திரும்பி வந்து எல்லாத்தையும் வாங்கிகினாரு. தப்பு கீது பாய், அது என் தப்பு, புஸ்தகம் வாணாம்னாரு. அதுக்கு மேல கேக்க எனக்கு மனசு வரல."

இரண்டாயிரத்து ஒன்பது மே எனக்கு ஞாபகம் வந்தது. கடிகாரம் சுவரில் இல்லை. ரிப்பேருக்குப் பாரிமுனையில் கொடுத்திருக்கிறேன் என்றார். ரிட்டயரான ரயில்வேக்காரர்கள் ஜெபக்கூட்டம், பதினைந்து நாள் மதுரைப் பக்கம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன், தலையை ஆட்டிவிட்டேன். அறுபத்தோரு வயதில் அந்தக் கடிகாரத்தை யார் துணையும் இல்லாமல் மார்போடு கட்டிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கைப்பையை வைக்கக்கூட இல்லை. கூடத்தில் அவர் இறந்த வாரமே நின்றுபோன அந்தக் கடிகாரத்தின் முன்னால் போய் நின்றேன். கண்ணாடிக் கதவைத் திறந்தேன். இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. சாவி கொக்கியில் தொங்கியது. கதவின் உட்பக்கம், வெளியே தெரியாதபடி மரச்சட்டத்துக்குப் பின்னால், ஒரு பழைய ரயில்வே டைரித் தாள் நாலாக மடித்துச் செருகியிருந்தது. இந்த வீட்டில் நான் கை வைக்கவே மாட்டேன் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே இடம் அதுதான்.

பதினான்கு நாள் எண்கள். பதினெட்டு, பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. பதினான்கும் அப்படியே. ஏழாம் நாளுக்கு எதிரே, சாவி கொடுத்தேன் என்று குறிப்பு. அதற்குக் கீழே அவர் கையெழுத்து, ஸ்டேஷன் ரிஜிஸ்டரில் எழுதுவது போல ஒழுங்காக:

"மலையும் இழுக்கும் என்பதை நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. காலுக்குக் கீழே அவ்வளவு பாறை இருந்தால் ஈர்ப்பு கணக்கிட்ட அளவு குறையாது. ஆகவே பதினெட்டே சரி. சௌந்தரியின் கடைசி ஏழு எண்கள் கடிகாரம் கொடுத்தவை அல்ல. தொண்ணூற்றாறில் ஏழாம் நாள் சாவி கொடுக்க மறந்திருப்பாள். அன்று இரவு நான் அவளிடம் கடுமையாகப் பேசியிருந்தேன், அதனால் சொல்லாமல் மறைத்திருப்பாள். பதினெட்டைப் போட்டாலும் என் வாதத்துக்குக் குறைவில்லை. ஆனால் பழைய எண்ணை ஏன் மாற்றினாய் என்று கேட்பார்கள். அவள் இன்னும் மூன்று வருஷம் வகுப்பெடுக்க வேண்டும். புத்தகம் வேண்டாம்."

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். மாடியில் நான் பொய் ரீடிங் என்று கெக்கலித்துக் கேட்டபோது அவருக்குத் தெரிந்திருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இருபத்துநாலு வருஷச் சண்டையை அன்றைக்கே ஜெயித்திருக்கலாம். அதை விட்டுவிட்டுக் கரண்ட் வந்துவிட்டது என்று பாயைச் சுருட்டினார். அந்த மனுஷன் வாயை அடைத்துவிட்டேன் என்று நான் ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என்னை எதால் அடிப்பது?

அவர் மேல் கோபமும் வந்தது, சொல்லாமல் இருக்க முடியாது. பதினைந்து வருஷம் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லாததை அவரும், நான் சொல்லாததை நானும், அந்தக் கடிகாரத்துக்குக் கீழேயே வைத்துக்கொண்டு காபி குடித்திருக்கிறோம். சொல்லியிருந்தால் இன்னும் எத்தனை கரண்ட் கட் சண்டை மிச்சம் இருந்தது. எல்லாவற்றையும் நானே பாழாக்கினேன்.

அன்று சாயங்காலமே முன்னுரை எழுதினேன். ஒரே பத்தி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜெஃப்ரியும் மருமகள் சுஜியும் சாப்பிட வந்தார்கள். தாளை அவனிடம் கொடுத்தேன். சுஜி அவன் தோளுக்கு மேலாகப் படித்தாள். நான் ரசத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தேன். நான் எழுதியது இதுதான்:

"காலம் ஒன்றே என்கிறார் என் கணவர். நான் ஏற்கவில்லை. நட்சத்திரங்களின் வெளிச்சம் படைக்கப்பட்ட அன்றே பூமிக்கு வந்து சேர்ந்துவிட்டது என்கிறார். அதையும் நான் ஏற்கவில்லை. அவற்றுக்கு என் மறுப்பை இருபத்துநான்கு வருஷம் அவரிடமே சொல்லியிருக்கிறேன், இங்கே திரும்பச் சொல்லவில்லை. ஆனால் அவர் நம்பாத ஒன்றை இந்தப் புத்தகத்தில் ஓரிடத்திலும் எழுதவில்லை. இதில் இருக்கும் ஒரே பொய் நாற்பத்தோராம் பக்கத்து அட்டவணையின் கடைசி ஏழு எண்கள். அவற்றை எழுதியவள் நான். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துவிட்டு, அதை மறைக்க எழுதினேன். என் கணவர் பதின்மூன்று வருஷம் கழித்துத் தனியாக மலையேறி அளந்த சரியான எண்கள் எதிர்ப்பக்கத்தில் உள்ளன. என்னிடம் படித்தவர்கள் மன்னிக்க வேண்டும்."

ஜெஃப்ரி இரண்டு முறை படித்தான். அவனுக்கு அந்த மலை பஸ், படகு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, முகத்தில் தெரிந்தது. சுஜி மெல்ல, அத்தை, பழைய அட்டவணையை எடுத்துவிட்டு இந்தப் புதியதை மட்டும் போட்டால் போதாதா என்று கேட்டாள். இரண்டும் இருக்க வேண்டும் என்றேன். லேபில் தப்பான ரீடிங்கை அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும், அதுதான் முறை.

"இது தேவையாம்மா?" என்றான் ஜெஃப்ரி. "இத்தனை வருஷம் கழிச்சு யாருக்குத் தெரியப்போவுது?"

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சுடா."

கடிகாரத்திலிருந்து எடுத்த டைரித் தாளை அவன் முன்னால் வைத்தேன். அவன் அதை எடுத்து, அப்பாவின் கையெழுத்தில் ஒவ்வொரு வரியாக, வாய்விட்டுச் சுஜிக்கும் படித்துக் காட்டினான். புத்தகம் வேண்டாம் என்ற கடைசி வரிக்கு வந்ததும் அவனுக்குப் படிக்க வரவில்லை. சுஜிதான் அவன் கையிலிருந்து வாங்கிப் படித்தாள்.